மேடம் வழியாகப் பேசிய வகுப்பு

நடந்தவை, வரிசைப்படி:

1. எம்.எஸ்ஸி. கணிதம் முடித்த கையோடு, பெரம்பலூருக்கு வெளியே நெடுஞ்சாலையோரம் இருந்த ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்தேன். முதலாண்டில் ஒரு பிரிவுக்குக் கணக்குப் பாடம் கொடுத்தார்கள்.

2. முதல் தேர்வில், புத்தகத்துக் கணக்கு ஒன்றில் ஒரே ஒரு எண்ணை மாற்றிக் கேட்டேன். பாதிக்கு மேற்பட்டவர்கள் மாற்றாத கணக்கின் விடையை எழுதினார்கள்.

3. பாடம் நடத்தும் முறையை மாற்றினேன்.

4. கார்த்திகையில், வெங்காயத்தைப் பற்றிய ஒரு கேள்விக்கு மாணவிகள் எல்லோரும் ஒரு விடையையும் மாணவர்கள் எல்லோரும் வேறொரு விடையையும் காட்டினார்கள்.

5. ஒரு மாணவி எழுந்து, வகுப்பின் நடுவே உள்ள நடைபாதைக்கு அந்தப் பக்கம் இருந்த மாணவனிடம் நேராகப் பேசினாள். எங்கள் கல்லூரியில் அது விதிமீறல்.

6. அவளுடைய படிப்பு நிற்கும் நிலைக்கு வந்தது.

2004ஆம் ஆண்டு ஆவணியில் வகுப்புகள் தொடங்கின. நான் அரியலூரில் பெற்றோருடன் இருந்தேன். சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து வரும் பஸ்ஸில் பெரம்பலூர் வந்து, அங்கிருந்து கல்லூரி பஸ்ஸைப் பிடிப்பேன். என் பிரிவில் பெரும்பாலோர் பிளஸ் டூ வரை தமிழில் கணக்குப் போட்டவர்கள். குரும்பலூர், ரஞ்சன்குடி, ஜெயங்கொண்டம் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள், லப்பைக்குடிக்காட்டிலிருந்து சிலர். வகைக்கெழு என்றால் அவர்களுக்குத் தெரியும். டெரிவேட்டிவ் என்றால் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்ப்பார்கள்.

கரும்பலகையில் ஒரு கணக்கை முழுதாகப் போட்டுவிட்டுத் திரும்பி, "புரிஞ்சுதா?" என்று கேட்பேன். "புரிஞ்சுது மேடம்" என்று ஒரே குரலில் பதில் வரும். கொஞ்ச நாளில் அது வருகைப் பதிவுக்கு "பிரசண்ட்" சொல்வதைப் போன்ற ஒரு பதில்தான் என்று தெரிந்தது. வகுப்பில் இருக்கிறோம் என்பதைத் தவிர அதில் வேறு தகவல் இல்லை.

முதல் தேர்வில் நான் மாற்றிய எண் ஒன்றுதான். புத்தகத்தில் மூன்று இருந்த இடத்தில் ஐந்து போட்டேன். தாள்களில் கணக்கு வரிக்கு வரி சுத்தமாக இருந்தது. முதல் வரியில் கேள்வியை எடுத்து எழுதும்போது ஐந்து என்றே எழுதியிருந்தார்கள். இரண்டாம் வரியிலிருந்து அது மூன்றாகிவிட்டிருந்தது.

அந்தத் தாள்களில் மிக அழகான கையெழுத்து முன்வரிசையில் இருந்த ஒரு மாணவியுடையது. லப்பைக்குடிக்காட்டுப் பெண். தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது அவளைக் கேட்டேன்.

"அஞ்சு எப்படி மூணு ஆச்சு?"

"அந்தக் கணக்குல மூணுதானே மேடம் வரும்?"

"கேள்வியில அஞ்சுன்னு இருக்கே."

"அது நீங்க மாத்திட்டீங்க மேடம்." அவள் குரலில் வருத்தமில்லை, புகார்தான் இருந்தது. "மாத்துனா எப்படி மேடம் போடுறது?"

பின்வரிசைப் பெண் ஒருத்தி எட்டிப் பார்த்தாள். "மனப்பாடம் பண்ணுனது அவ, மாத்துனது நீங்க. ஆளுக்குப் பாதி மார்க் போட்டுக்குங்க மேடம்."

இதை முட்டாள்தனம் என்று சொல்ல முடியாது. அவர்கள் படித்த பள்ளிகளில் முக்கியமான கணக்குகள் என்று ஒரு தொகுதி உண்டு. அவற்றைத் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தால் போதும். தேர்வில் எண்கூட மாறாமல் வரும். பல வருடம் பலன் கொடுத்த வழியை அவர்கள் இங்கேயும் கொண்டுவந்திருந்தார்கள். அந்த வழி இங்கே பலன் தராது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. சொன்னாலும் பயனில்லை என்று எனக்குத் தோன்றியது. எண் மாறினால் என்ன ஆகும் என்று அவர்களாக யோசிக்கும் நேரம் வகுப்புக்குள்ளேயே இருக்க வேண்டும்.

பழைய பஸ் நிலையத்துக்கு அருகில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. சனிக்கிழமைகளில் அங்கே உட்கார்ந்து தேடினேன். ஏதோ ஒரு வெளிநாட்டுக் கல்லூரியில், ஆசிரியர் கேள்வி கேட்க, மாணவர்கள் கையிலிருக்கும் கருவியில் பொத்தானை அழுத்தி விடை சொல்கிறார்கள் என்று படித்தேன். எங்களிடம் கருவி இல்லை. கை தூக்கச் சொல்லிப் பார்த்தேன். பிளஸ் டூவில் கணக்கில் இருநூறுக்கு இருநூறு வாங்கிய ஒரு பையன் முன்னால் இருந்தான். எல்லோரும் அவன் கையைப் பார்த்துவிட்டுத் தங்கள் கையைத் தூக்கினார்கள். துண்டுச் சீட்டில் எழுதச் சொன்னேன். சேகரித்துப் பிரிப்பதற்குள் மணி அடித்தது.

கடைசியில் நின்றது விரல்கள்தான். ஒரு கேள்விக்கு நான்கு விடைகள் கொடுப்பேன். எழுதிப் போட வேண்டிய கணக்காக இருக்காது. யோசிக்க வேண்டியதாக இருக்கும். முதலில் யாரும் பேசாமல் யோசிக்க வேண்டும். பிறகு விடையின் எண்ணை விரல்களால், நெஞ்சோடு ஒட்டி, எனக்கு மட்டும் தெரியும்படி காட்ட வேண்டும். மாணவிகள் துப்பட்டாவை மறைப்பாக வைத்துக்கொண்டார்கள். எல்லோரும் சரியாகக் காட்டினால் அடுத்த பகுதிக்குப் போவேன். விடைகள் சிதறியிருந்தால், தன்னுடையதிலிருந்து வேறுபட்ட விடை உள்ளவரைத் தேடிப் பேச வேண்டும். அவரைத் தன் பக்கம் இழுக்க வேண்டும். மறுபடி விரல். அதற்குப் பிறகுதான் நான் விளக்குவேன். பேச்சு தமிழில் இருக்கலாம், எழுத்து ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்று ஒரு ஏற்பாடும் செய்தோம்.

இதில் ஒன்றைக் கவனித்தேன். நான் விளக்கும்போது புரியாதது, பக்கத்தில் இருப்பவள் விளக்கினால் பல நேரம் புரிந்தது. அவள் அதை நேற்றுத்தான் புரிந்துகொண்டிருந்தாள். எங்கே இடறும் என்பது அவளுக்கு இன்னும் நினைவிருந்தது. எனக்கு அது மறந்து வருடங்களாகிவிட்டன.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. பாடத்திட்டத்தில் என் பிரிவு பின்தங்கியது. பக்கத்துப் பிரிவில் மூன்றாம் அலகு முடிந்தபோது நான் இரண்டாவதில் இருந்தேன். துறைத்தலைவர் நிதானமான மனிதர். ஓய்வு பெறச் சில வருடங்களே இருந்தன. வராந்தாவில் பார்க்கும்போதெல்லாம், "போர்ஷன் எங்கம்மா நிக்குது?" என்பார். வேறு எதுவும் கேட்கமாட்டார்.

அந்த லப்பைக்குடிக்காட்டுப் பெண் மெதுவாக மாறினாள். முதலில் அவள் விரல்கள் தவறாகவே இருந்தன. பிறகு, நான் போட்ட கணக்குக்குப் பக்கத்தில் அவளாக எண்ணை மாற்றிப் போட்டுப் பார்க்க ஆரம்பித்தாள். பக்கத்துப் பெண்களுக்கு நன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். அதனால் ஒருநாள் கரும்பலகைக்கு வந்து விளக்கச் சொன்னேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். வகுப்பு முடிந்ததும் பின்னாலேயே வந்தாள்.

"கோச்சுக்காதீங்க மேடம். பசங்க முன்னாடி நிக்க வேணாம்னு பாக்குறேன்."

"கூச்சமா?"

"கூச்சமெல்லாம் இல்ல மேடம். எங்க அத்தா சவுதியில, தம்மாம்ல இருக்காங்க. வீட்டுலேர்ந்தே தபால்ல பி.ஏ. படிக்கச் சொன்னாங்க. அம்மாவும் மாமாவும் பேசித்தான் இங்க சேத்து விட்டாங்க. காலேஜ்லேர்ந்து ஒரு கம்ப்ளெயிண்ட் வந்தாலும் நிறுத்திருவேன்னு சொல்லியிருக்காங்க. எதுக்கு மேடம் வம்பு?"

அதற்குப் பிறகு அவளை நான் கரும்பலகைக்கு அழைக்கவில்லை.

விதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாணவர்களும் மாணவிகளும் பேசக் கூடாது. பலகையில் எங்கும் எழுதியிருக்காது, எல்லோருக்கும் தெரியும். பஸ்ஸில் முன்பாதி மாணவிகளுக்கு. நூலகத்தில் தனி மேசைகள். வகுப்பில் இடப்பக்கம் மாணவிகள், வலப்பக்கம் மாணவர்கள், நடுவே நடைபாதை. மாணவி பேசினால் வீட்டிலிருந்து ஒருவர் வந்து ஒழுங்குக் குழுவின் பொறுப்பாளரைப் பார்க்க வேண்டும். அவர் மெக்கானிக்கல் துறை ஆசிரியர். இந்த வேலையில் அவருக்கு ஈடுபாடு உண்டு.

என் முறைக்கு இந்த விதி அதுவரை இடைஞ்சலாக இருக்கவில்லை. வேறு விடை உள்ளவர் பெரும்பாலும் அதே பெஞ்சில் கிடைத்துவிடுவார்.

கார்த்திகையில் கடைசி அலகைத் தொட்டேன், வகைக்கெழுச் சமன்பாடுகள். புத்தகத்து எடுத்துக்காட்டுகள் கதிரியக்கம், குளிரும் இரும்புக் குண்டு. எனக்கு வெங்காயம் தோன்றியது. பெரம்பலூர்ப் பக்கத்தில் சின்ன வெங்காயத்தைப் பிடுங்கி, காட்டிலேயே ஓலையும் படலும் வைத்துப் பட்டறை போட்டுச் சேமிப்பார்கள். அதில் கிடக்கும்போது ஈரம் வற்றி எடை குறையும். என் கேள்வி இதுதான்: முதல் வாரம் கொஞ்சம் எடை குறைந்தது, இரண்டாம் வாரம் எவ்வளவு குறையும்? ஒன்று, அதே அளவு. இரண்டு, அதைவிடக் குறைவாக. மூன்று, அதைவிட அதிகமாக. நான்கு, குறையாது.

விரல்களைப் பார்த்தேன். வலப்பக்கம் முழுவதும் ஒரு விரல். இடப்பக்கம் முழுவதும் இரண்டு விரல். இப்படி அதுவரை நடந்ததில்லை. வேறு விடை உள்ளவரிடம் பேச வேண்டும் என்றால் நடைபாதையைத் தாண்டித்தான் பேச வேண்டும்.

"காரணம் சொல்லுங்க," என்றேன். "யார் வேணாலும்."

குரும்பலூர்ப் பையன் ஒருவன் எழுந்தான். அவர்கள் வீட்டில் வெங்காயம் போடுவார்கள். "மேடம், மண்டியில காயிறதுக்குன்னு வாரத்துக்கு மூட்டைக்கு இவ்வளவு எடைன்னு ஒரே அளவாத்தான் கழிப்பாங்க. அப்ப எல்லா வாரமும் ஒண்ணாத்தானே குறையும்?"

இடப்பக்கத்திலிருந்து ஒரு குரல். "மேடம், மண்டியில கழிக்கிறது வேற, வெங்காயம் காயிறது வேறன்னு சொல்லுங்க மேடம்."

"நான் சொல்ல வேண்டியதில்ல. அவருக்கே கேட்டிருக்கும்."

"கேட்டுச்சு மேடம்," என்றான் அவன். "காயாததுக்கும் சேத்துத்தான் கழிக்கிறாங்கன்னு சொல்லுங்க மேடம்."

இப்படியே போனது. இரண்டு பக்கமும் என்னைப் பார்த்துக்கொண்டு ஒருவரோடு ஒருவர் பேசினார்கள். ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு மேடம் இருந்ததால் விதி மீறப்படவில்லை. நான் சாக்பீஸோடு நடுவில் நின்றேன்.

ஒருவன் தன் நண்பனை எச்சரித்தான். "டேய், மண்டிக்காரங்க வூட்டுப் பொண்ணு அங்கதான் உக்காந்திருக்கு. பாத்துப் பேசு."

"அதுக்குத்தான்டா பேசுறேன்," என்றான் குரும்பலூர்ப் பையன். வலப்பக்கம் முழுக்கச் சிரித்தது.

அந்த லப்பைக்குடிக்காட்டுப் பெண் எழுந்தாள். அவள் மாமா பெரம்பலூரில் வெங்காய மண்டி வைத்திருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. என் பக்கம் திரும்பவில்லை.

"மழையில மண்ணும் ஈரமுமாப் புடுங்கிக் கொண்டாந்து இறக்குறது யாரு? மொத நாலஞ்சு நாள்லயே மூட்டை தொளதொளன்னு ஆயிடும். அப்புறம் மாசக்கணக்குல கிடந்தாலும் அவ்வளவா இறங்காது. ஈரம் நிறைய இருக்கறப்ப வேகமாப் போகும். கொஞ்சமா இருக்கறப்ப மெதுவாத்தான் போகும். சந்தேகமா இருந்தா வந்து மூட்டையத் தூக்கிப் பாரு."

அன்றைய பாடத்தின் சமன்பாடு அதுதான். நான் இன்னும் அதைக் கரும்பலகையில் எழுதியிருக்கவில்லை.

அவனும் என்னை மறந்துவிட்டான். "அப்ப மண்டியில மட்டும் எல்லா வாரமும் ஏன் ஒரே கழிவு?" என்று அவளிடமே கேட்டான்.

"அங்க யாருக்கும் இந்தக் கணக்குப் போடத் தெரியாது. அதான்."

இந்த முறை இரண்டு பக்கமும் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்கும்போது ஜன்னலுக்கு வெளியே ஒழுங்குக் குழுப் பொறுப்பாளர் நின்றிருந்தார். உள்ளே வந்து அவளுடைய அடையாள அட்டையைக் கேட்டார். அவள் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தாள். முகத்தில் எதுவும் தெரியவில்லை. கை மட்டும் கழுத்திலேயே நின்றது.

மதியம் அவரைப் போய்ப் பார்த்தேன்.

"உங்கள கணக்கு நடத்தச் சொன்னா பட்டிமன்றம் நடத்துறீங்களே மேடம்."

"நான்தான் சார் பேசச் சொன்னேன். அது வகுப்பு வேலை."

"பக்கத்துல இருக்கற பொண்ணுகிட்ட பேசச் சொல்ல வேண்டியதுதானே?"

"பக்கத்துல இருக்கற பொண்ணும் அதே விடையத்தான் சார் காட்டியிருந்தா."

நான் கேலி செய்கிறேனா என்று பார்த்தார். "அப்ப ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்குல்ல? அப்புறம் எதுக்குப் பேச்சு?"

"அந்தப் பையனும் அவளப் பாத்துத்தான் சார் பேசுனான்."

"அவனை ஒருநாள் வெளியில நிக்க வைப்போம். பையன்தானே."

வீட்டிலிருந்து ஒருவர் வரும்வரை அவள் வகுப்புக்கு வர முடியாது. துறைத்தலைவரிடம் போனேன். விதியில் தன்னால் எதுவும் செய்ய முடியாது என்றார். பிறகு, "அவங்க வரும்போது நீங்களும் அந்த ரூம்ல இருங்க. என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்ச ஆளு ஒருத்தராவது இருக்கட்டும்," என்றார்.

அவளுடைய மாமா வந்தார். வெள்ளைச் சட்டை, பையில் செல்போன், மண்டியிலிருந்து நேராக வந்தவர் போல ஒரு அவசரம்.

"உங்க வீட்டுப் பொண்ணு வகுப்புல எந்திரிச்சு நின்னு ஒரு பையன்கிட்ட பேசியிருக்கு பாய்," என்றார் பொறுப்பாளர்.

"என்ன பேசுச்சு?"

பொறுப்பாளர் என்னைப் பார்த்தார். நான் கேள்வியையும், நான்கு விடைகளையும், அவள் சொன்னதையும் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"அந்தப் பையன் எந்த ஊருங்க?"

"குரும்பலூர்."

"அதான பாத்தேன். இந்த மழைக்கு அந்தப் பக்கத்துச் சரக்கு பூரா ஈரம்."

"விஷயம் அது இல்ல பாய்."

"வேற என்னங்க விஷயம்? பேசுனது அதத்தானே?"

பொறுப்பாளர் கையெழுத்து வாங்கிக்கொண்டு, இனி நடக்கக் கூடாது என்று சொல்லி முடித்தார். கல்லூரியைப் பொறுத்தவரை அதோடு சரி. வராந்தாவுக்கு வந்ததும் மாமாவின் முகம் மாறியது.

"எனக்கு இது தப்பாப் படலம்மா. ஆனா மச்சான்கிட்ட மறைக்க முடியாது. தம்மாம்ல எங்க ஊரு ஆளுங்க நெறையப் பேரு. வேற வாய் வழியாப் போச்சுன்னா வேற மாதிரிப் போகும். வெள்ளிக்கிழமை போன் பண்ணுவாரு. நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன்."

வெள்ளிக்கிழமை கல்லூரி விட்டதும் மண்டிக்குப் போனேன். தராசுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டார்கள். உள்ளே வெங்காயத் தோல் காற்றில் பறந்துகொண்டிருந்தது. போன் வந்தது. மாமா சலாம் சொல்லிவிட்டு என்னிடம் கொடுத்தார்.

"டீச்சருங்களா? ரூல்ஸ மீறிப் பேசுச்சுன்னு சொன்னாங்க. உண்மையா?"

"உண்மைங்க. நான் குடுத்த வேலையச் செய்யறப்ப மீறிட்டா."

"தப்பா எதுவும் பேசலயே?"

"இல்லைங்க. சரியான விடையச் சொன்னா."

"கணக்குல பாஸ் பண்ணிருவாளா?"

"உறுதி சொல்ல முடியாதுங்க. முன்னாடி மனப்பாடம் பண்ணி எழுதுனா, தப்பா வந்துச்சு. இப்ப யோசிச்சு எழுதுறா, சரியா வருது. ஆனா யோசிச்சு எழுதுறவங்களுக்கு ஆரம்பத்துல நேரம் பத்தாது. அது ஒண்ணுதான் எனக்குப் பயம்."

"பாஸ் பண்ணிருவான்னு சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன்," என்றார் அவர். "பரீட்சை எழுதட்டும். ரிசல்ட் வர்ற சமயம் நான் லீவுல ஊருக்கு வந்துருவேன். கணக்குல போச்சுன்னா டி.சி. வாங்கிருவோம். பாஸ் ஆச்சுன்னா படிக்கட்டும், இன்ஷா அல்லா. அவகிட்டயும் இதச் சொல்லிடுங்க."

சொன்னேன். "சரி மேடம்" என்றாள்.

துறைத்தலைவர் ஒரு வழி சொன்னார். விரல் காட்டுவது தொடரலாம். பெஞ்சு தாண்டிப் பேசுவதானால் எல்லாம் மேடத்திடம் சொல்லப்பட வேண்டும். மாணவர்கள் தாங்களாகக் கண்டுபிடித்ததை அவர் அனுமதியாக்கினார்.

மீதியிருந்த வாரங்களில் இன்னொன்றையும் சேர்த்தேன். பழைய வினாத்தாள்களிலிருந்து வெவ்வேறு அலகுக் கணக்குகளைக் கலந்து, எண்களை மாற்றி, எது எந்த அலகு என்று சொல்லாமல் கொடுத்தேன். நேரம் வைத்துப் போட வேண்டும். முதலில் முழு வகுப்பும் திணறியது. எந்த முறை என்று கண்டுபிடிப்பதிலேயே பாதி நேரம் போனது. அதை வீட்டில் தனியாகச் செய்ய முடியாது. அதற்குத்தான் வகுப்பு என்று சொன்னேன். அவள் எப்போதும் கடைசியில்தான் முடித்தாள். சில நாள் முடிக்கவே இல்லை.

பல்கலைக்கழகத் தேர்வு முடிந்து நான் வெளியே வந்தபோது அவள் மரத்தடியில் நின்றிருந்தாள்.

"ஒரு கணக்கு பாதியில நின்னுடுச்சு மேடம். நேரம் இல்ல."

"மத்தது?"

"எண்ணெல்லாம் மாத்தித்தான் கேட்டிருந்தாங்க மேடம்," என்றாள். இந்த முறை புகாராகச் சொல்லவில்லை.

முடிவுகள் வந்த அன்று, அதே பிரவுசிங் சென்டரில் நானும் வரிசையில் நின்று பார்த்தேன். கணக்கில் தேறியிருந்தாள். மதிப்பெண் அதிகமில்லை; தேவையானதைவிடக் கொஞ்சம் மேலே. அப்போது அவளுடைய அத்தா ஊரில்தான் இருந்தார். டி.சி. கேட்டு யாரும் வரவில்லை. அடுத்த நாள் அவள் வழக்கமான பஸ்ஸில் வந்தாள்.

என் பிரிவின் தேர்ச்சிக்கும் பக்கத்துப் பிரிவின் தேர்ச்சிக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. மனப்பாடத்தால் முன்பு நன்றாக எழுதிய சிலர் என் வகுப்பில் இறங்கினார்கள், சிலர் ஏறினார்கள். குரும்பலூர்ப் பையன் தேறவில்லை. துறைத்தலைவர் இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "போர்ஷனும் பிந்துச்சு, ரிசல்ட்டும் அதேதான். எதுக்கும்மா இவ்வளவு சத்தம்?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. அவருக்குக் காட்ட என்னிடம் எண் எதுவும் இருக்கவில்லை.

இது 2007. அவள் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள்; அரியர் எதுவும் இல்லை. குரும்பலூர்ப் பையனுக்கு முதலாண்டுக் கணக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது. சனிக்கிழமைகளில் துறைக்கு வந்து போட்டுப் பார்க்கிறான். எனக்கு முதலாண்டு வகுப்பு ஒதுக்குவதில்லை. இரண்டாமாண்டுக்கு எடுக்கிறேன், அங்கே விரல் முறை நடக்கிறது. விதி மாறவில்லை. இடப்பக்கமும் வலப்பக்கமும் மேடம் வழியாகவே பேசுகின்றன.